நான்கு மணி நேரப் பிள்ளைத்தமிழ்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகின்றேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய ஏழு பருவங்களும் இருபாலுக்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆண்பாற்கு உரியன. அம்மானை, நீராடல், ஊசல் பெண்பாற்கு உரியன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் இதை ஒப்புவிப்பேன். இரண்டாம் குலோத்துங்கன் மீது ஒட்டக்கூத்தர் பாடியதே இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழமையானது என்பதையும், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது பாடியதையும், நம் இசுலாமியப் புலவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசச் செல்வர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடித் தமிழன்னைக்கு அணி செய்ததையும் மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது எனக்கே ஒரு பெருமிதம் தோன்றும்.

இவ்வளவும் அறிந்த நான், இருபது மாதக் குழந்தை ஒன்றை நான்கு மணி நேரம் மடியில் வைத்துக் கொள்ள அறியாதவனாக இருந்தேன் என்பதை ஒரு விமானப் பயணம் எனக்கு உணர்த்தியது. துறை மலருக்கு ஆய்வுக் கட்டுரை ஒன்று தருமாறு நண்பர்கள் கேட்டனர். நூலகத்தில் கற்றதை எழுதுவதைவிட, ஒரு குழந்தையிடம் கற்றதை எழுதுவது பயனுடையது எனத் தோன்றியமையால் இதனை எழுதத் துணிந்தேன். பெரியோர் பொறுத்தருள்க.

2023ஆம் ஆண்டு மே மாதம், கல்லூரி விடுமுறை. துபாயில் பணியாற்றும் என் தங்கையின் கணவர், மனைவியையும் மகளையும் மூன்று மாத வருகை விசாவில் அழைத்திருந்தார். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் பணிக்குத் திரும்பியவர் அவர். அதன்பின் மகளை அவர் நேரில் கண்டதில்லை. நாள்தோறும் மஃரிபுக்குப் பின் கைப்பேசித் திரையில் காண்பார், அவளும் காண்பாள். தங்கைக்கு விமானப் பயணம் அதுவே முதன்முறை. குழந்தையுடன் தனியே செல்ல அஞ்சினாள். "காக்கா, நீங்க கூட வந்து விட்டுட்டு வாங்களேன்" என்றாள். தாய்மாமன் என்னும் உரிமையில் உடனே இசைந்தேன். குழந்தையைப் பார்த்துக் கொள்ளத் தாய் இருக்கிறாள். சன்னலோரம் அமர்ந்து நான் நூலொன்று படித்துக் கொண்டு போகலாம் என்பதே அப்போது என் கணக்கு.

புறப்படுவதற்கு முந்திய வாரம் எங்கள் தெருவில் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. அனுபவசாலி ஒருவர், சளி மருந்தில் ஒரு கரண்டி கொடுத்துவிட்டால் துபாய் வரையில் குழந்தை கண் விழிக்காது என்றார். எளிய வழியாக இருக்கிறதே என்று நானும் மயங்கினேன். நல்ல வேளையாக, தடுப்பூசிக்குச் சென்றபோது தங்கை அதனை மருத்துவரிடம் கேட்டுவிட்டாள். அவர் கடிந்து கொண்டார். சளி மருந்துகள் சிலவற்றில் உறக்கம் தரும் பொருள் கலந்திருக்கின்றது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதனைத் தூங்க வைப்பதற்காகக் கொடுப்பது மூச்சையே தளரச் செய்யலாம். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து உறக்கத்தை விரட்டி ஆட்டி வைக்கும் என்றார். கொறிப்பதற்கு வேர்க்கடலை போன்ற கெட்டியான பருப்புகளைக் கொடுக்கலாகாது, மூச்சுக் குழலில் சிக்கிக் கொள்ளும் என்றும் எச்சரித்தார். விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள் என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

நள்ளிரவு கழிந்து ஊரிலிருந்து காரில் புறப்பட்டோம். திருச்சி வரையில் மூன்று மணி நேரம் குழந்தை அயர்ந்து உறங்கிற்று. அந்த உறக்கத்தைக் கண்டு நான் மகிழ்ந்தேன். விமானத்தில் உறங்க வேண்டிய உறக்கத்தையெல்லாம் அவள் காரிலேயே உறங்கித் தீர்த்துவிட்டாள் என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. விமான நிலையத்தில் பஜ்ருத் தொழுகையை முடித்துக் கொண்டு நாங்கள் உள்ளே சென்றபோது, அவள் மலர்ந்த முகத்துடன் விழித்துக் கொண்டாள்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டுவதில்லை. பெரியவர் மடியில் அமர்த்திக் கொள்ளலாம் என்பது விமான விதி. நம் இடைவாரோடு கோத்துக் கொள்ளும் சிறு வார் ஒன்றைப் பணிப்பெண் கொண்டு வந்து தந்தார். சன்னலோரம் தங்கை, நடுவில் நான், நடைவழியை ஒட்டி முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர். வெள்ளைச் சட்டை அணிந்து, எதிரே இருந்த இருக்கையின் முதுகையே வெறித்துப் பார்த்துக் கொண்டிருந்தார்.

விமானம் மேலெழுந்த சில நிமிடங்களில் தங்கைக்குத் தலை சுற்றத் தொடங்கியது. வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துச் சன்னற் பலகையில் சாய்ந்துவிட்டாள். "காக்கா, புள்ளயப் பாத்துக்கங்க" என்றாள். குழந்தை என் மடிக்கு வந்தாள். நூல் பைக்குள்ளேயே இருந்தது.

தங்கை முன்னேற்பாட்டில் குறைவைக்கவில்லை. துணிப் பொம்மை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வளையங்கள், விலங்குகளின் படங்கள் நிறைந்த அட்டைப் புத்தகம், கிலுகிலுப்பை, அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகள், பொரி என ஒரு பை நிறைய இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பொருளாக நான்கு மணி நேரத்தையும் கடத்திவிடலாம் என எண்ணினேன். எல்லாப் பொருள்களும் சேர்ந்து இருபது நிமிடங்களில் தீர்ந்தன. பொம்மை ஒரு நொடி நெஞ்சில் கிடந்தது. மறுநொடி முன்னிருக்கைக்காரரின் தோளில் விழுந்தது. வளையங்கள் இருக்கைகளின் அடியில் உருண்டன. புத்தகத்தில் யானையைக் கண்டு சிரித்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்ட விடாமல் யானையையே பன்னிரண்டு முறை காட்டச் சொன்னாள். பின்பு அதையும் தள்ளிவிட்டாள்.

இக்காலத்துப் பெற்றோரின் கடைசிக் கருவியாகிய கைப்பேசியை எடுத்தேன். ஓராண்டு நிரம்பிய குழந்தைக்குத் திரையைக் காட்டி அமர்த்துவது நல்லதன்று என உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருப்பதை நான் அறிவேன். அறிந்தும், ஆபத்துக்குப் பாவமில்லை என்று துணிந்தேன். தங்கை அதில் குழந்தைப் பாடல்களைச் சேமித்து வைத்திருந்தாள். ஆனால் திரை ஒளிர்ந்ததும் குழந்தை முகமெல்லாம் மலர, "வாப்பா!" என்றாள். இரண்டு கைகளாலும் கைப்பேசியைப் பற்றிக் கண்ணாடியில் முத்தமிட்டாள். அவளுக்குக் கைப்பேசி என்பது பாட்டுப் பெட்டியன்று. அதுதான் அவள் தந்தை. பாட்டு ஓடியது; பொம்மைகள் ஆடின. "வாப்பா, வாப்பா" என்று திரையைத் தட்டித் தட்டி அழைத்தாள். விமானத்தில் எவ்வாறு வருவார்? சிறிது நேரம் பொறுத்தாள். பின்பு உதடு பிதுங்கியது, அழுகை வெடித்தது.

அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் புலவர் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாள்வார் என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு. நிலவை இணங்கச் செய்ய ஏற்பட்ட அவற்றை நான் குழந்தையிடமே கையாண்டு பார்த்தேன். இன்சொற் கூறினேன்; கேட்கவில்லை. பொரியைக் கொடுத்தேன், பொரி பறந்தது. "பார், அந்த அண்ணன் எவ்வளவு சமத்தாக உட்கார்ந்திருக்கிறான்" என்று நான்கு வரிசைக்கு அப்பால் இருந்த சிறுவனைக் காட்டினேன். அவனும் அழத் தொடங்கினான். தண்டம் என்பதை நினைக்கவும் மனம் இடந்தரவில்லை. உபாயங்கள் நான்கும் தீர்ந்தபின் புலவன் என்ன செய்வான் என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர் உரக்கப் பெருமூச்சு விட்டார். வேறொருவர், "குழந்தைகளை எதற்குத்தான் விமானத்தில் கொண்டு வருகிறார்களோ" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். என் செவிகள் சிவந்தன. அப்போதுதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்திய செய்தி நினைவுக்கு வந்தது. நீண்ட நேரம் தொழ வைக்கும் எண்ணத்தோடு நின்ற அவர்கள், குழந்தை ஒன்றின் அழுகுரல் செவியில் விழுந்ததும், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள் என நபிமொழி கூறுகின்றது. அக்குழந்தையை ஏன் பள்ளிக்குக் கொண்டு வந்தாய் என்று அவர்கள் கேட்டதாக இல்லை. வணக்கத்திற்கே அந்த இடம் அளிக்கப்பட்டிருக்கையில், ஒரு விமானத்தின் அமைதி அதனினும் பெரிதா? இந்த எண்ணம் என் நாணத்தைப் போக்கிற்று. நாணம் போனதும் கையும் காலும் இயங்கத் தொடங்கின. அழும் குழந்தையைவிட, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணமே அதுவரையில் என்னை வருத்திக் கொண்டிருந்தது என்பதை உணர்ந்தேன்.

இடைவார் விளக்கு அணைந்திருந்தது. குழந்தையைத் தூக்கிக் கொண்டு நடைவழியில் நடந்தேன். என் உம்மா கலிமாவையே தாலாட்டாக்கி எங்களையெல்லாம் தொட்டிலாட்டியவர். அதே ஓசையில், அதே இழுவையில், அவள் செவியருகே மெல்ல ஓதினேன். அழுகை விம்மலாகிற்று, விம்மல் அடங்கிற்று. விமானத்தின் பின்கோடியில், பணிப்பெண் ஒருவர் காகிதக் குவளைகள் மூன்றை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அவருக்கு இதில் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

இருக்கைக்குத் திரும்பி, குவளைகளைப் பலகையில் கவிழ்த்தேன். கிலுகிலுப்பையை ஒன்றின் கீழ் மறைத்து, "காணோமே!" என்றேன். அவள் திகைத்தாள். குவளையைத் தூக்கி, "இதோ!" என்றேன். உடல் குலுங்கச் சிரித்தாள். மறுமுறை அவளே தூக்கினாள். பிறகு அவள் ஒளிக்க, நான் தேட வேண்டியதாயிற்று. ஒளித்தது எங்கே என்பது கண்ணெதிரே தெரிந்தும் தெரியாதவன் போல் நான் தேட வேண்டும். என் வியப்பில் சிறிது குறைந்தாலும் அவள் என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன்பக்கம் திருப்பிக் கொள்வாள். அப்பொழுது ஓர் உண்மை புலனாயிற்று. பையிலிருந்த பொருள்களை நான் ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் அதில் ஆழ்ந்ததும் என் நூலை எடுக்கலாம் என்று காத்திருந்தேன். அதனாலேயே ஒவ்வொன்றும் நொடியில் தோற்றது. அவள் வேண்டியது பொருளையன்று. அவளை நோக்கிய முகத்தை. முகம் கிடைத்தபின் காகிதக் குவளையே போதுமானதாயிற்று.

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று மக்களின் விளையாட்டுகளை உற்றுநோக்கி எழுதியவர். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை, எங்கோ இருக்கின்றது என்னும் அறிவு குழந்தைக்குப் பிறவியில் அமைவதன்று. ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் அரும்பி இரண்டு வயதளவில் முதிர்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. ஆசிரியப் பயிற்சியின்போது தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த செய்தி இது. குவளையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சிறுமுகத்தில் எழுந்த நிறைவைக் கண்ட பின்புதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. மறைந்தது மீண்டும் வரும் என்று அவள் கற்றுக் கொண்டிருந்தாள். வாப்பாவைத் திரையில் தேடியவளுக்கு அது சிறிய பாடமன்று.

உணவு வந்தது. தயிர்ச் சோற்றைப் பிசைந்து ஊட்ட முயன்றேன். அவள் கையை விட்டு அளைந்தாள். வாயில் பாதி, பலகையில் பாதி என்றாயிற்று. குழந்தையின் சிறுகை பட்ட உணவு அமிழ்தினும் இனியது என்று மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். பாண்டியன் அறிவுடைநம்பியும், உண்கலத்தில் கையிட்டும் உடம்பில் பூசியும் மயக்குறுத்தும் மக்களைப் பெறாதார்க்கு வாழ்வில் பயனில்லை என்னும் கருத்தைப் பாடினான். புறநானூற்றின் 188ஆம் பாட்டு அது. ஆனால் அச்சோறு பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தால் என்ன செய்வது என்று இருவருமே கூறவில்லை. அதுவே நேர்ந்தது. நான் பதறி மன்னிப்புக் கேட்டேன்.

இளைஞர் கறையைத் துடைக்கவில்லை. குழந்தையையே பார்த்தார். "இருக்கட்டும் பாய். எம் பையனுக்கும் இதே வயசுதான்" என்றார். ஆலங்குடிப் பக்கத்து ஊர், துபாயில் மின்பணியாளர், நாற்பது நாள் விடுப்பு முடிந்து திரும்புகிறார். "முழிச்சிருந்தா விட மாட்டான்னு, ராத்திரி தூங்கறப்பவே கெளம்பி வந்துட்டேன். இந்நேரம் எந்திரிச்சுத் தேடுவான்." சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் எங்கிட்டக் குடுங்க பாய்" என்று கையை நீட்டினார்.

குழந்தை அவரிடம் தயங்காமல் சென்றாள். அவர் அவள் உள்ளங்கையை விரித்துப் பருப்புக் கடைந்தார். ஒவ்வொரு விரலாக மடக்கிச் சோறு பகிர்ந்தார். விரல்களை நண்டாக்கி முழங்கை வழியே ஊர விட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினார். நம் வீடுகளில் பாட்டிமார் ஆடிய அந்த விளையாட்டுக்குப் பை வேண்டாம், பொம்மை வேண்டாம், மின்கலமும் வேண்டாம். நான் அதனை எப்படி மறந்தேன் என்று வியந்தேன். அவள் சிரிக்கச் சிரிக்க அவரும் சிரித்தார். அவர் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு அவள் தலைக்கு மேல் வட்டமாக ஒளிர்ந்த படிப்பு விளக்கைச் சுட்டி, "நிலா" என்றாள். பட்டப்பகலில் முப்பதாயிரம் அடிக்கு மேல் அவளுக்கு ஓர் அம்புலி கிடைத்துவிட்டது. இளைஞர் அவளைத் தூக்கிப் பிடிக்க, அவள் பொத்தானை அழுத்தினாள், நிலா மறைந்தது. மீண்டும் அழுத்தினாள், வந்தது. நிலவை இப்படி ஆட்டி வைத்த பாட்டுடைத் தலைவர் எந்தப் பிள்ளைத்தமிழிலும் இல்லை. இடையிடையே தவறிப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். அது பணிப்பெண்ணை அழைக்கும் மணி. மூன்று முறை வந்த அவர், நான்காம் முறை தொலைவிலிருந்தே கையசைத்துச் சிரித்தார்.

அவர்கள் இருவரும் நிலாவோடு விளையாடிக் கொண்டிருக்க, நான் வேறொன்றை எண்ணிக் கொண்டிருந்தேன். 2005ஆம் ஆண்டு எம்.ஃபில். பட்டத்திற்காக ஆய்வேடு எழுதினேன். ஆய்வுப் பொருள் பிள்ளைத்தமிழே. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அறைக் கதவைத் தாழிட்டுக் கொண்டு, குழந்தை தவழ்வதையும் தளர்நடை இடுவதையும் புலவர்கள் பாடிய நயத்தை நான் எழுதிக் கொண்டிருப்பேன். வெளியே அவள் கதவைத் தட்டுவாள். நான் திறப்பதில்லை. தட்டிச் சலித்தவள், கதவின் அடியில் உள்ள இடுக்கு வழியே காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவாள். மாலையில் அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவேன். "ஆய்வுக்கு இடையூறு செய்யாதிருந்த என் அருமை மகளுக்கு" என்று நன்றியுரையில் ஒரு வரியும் எழுதினேன். ஆய்வேடு பாராட்டுப் பெற்றது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர். மகனைப் பிரிவது அவருக்கு விதித்த கடமை. நானோ பக்கத்து அறையில் இருந்து கொண்டே அயல்நாட்டில் இருந்தவன்.

விமானம் இறங்கத் தொடங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வானில் பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்றே இருக்கும்; உதகமண்டலத்தில் நிற்பது போன்றது எனலாம். இறங்கும்போது அழுத்தம் மெல்ல மெல்ல மிகும். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்றும் அதற்கு ஈடாக வேண்டும்; அதற்குத் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் சிறு குழல் திறக்க வேண்டும். நாம் எச்சிலை விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கின்றது. குழந்தைகளுக்கு அக்குழல் குறுகலானது. விழுங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் செவி வலித்து அழுவர். பால் குடித்தால் விழுங்கிக் கொண்டே இருப்பர், வலி தோன்றாது. தேறி எழுந்த தங்கை மகளை வாங்கிக் கொண்டு, விமானம் தாழத் தாழ அவளுக்குப் பாலூட்டினாள். குழந்தை அழவில்லை. நான்கு வரிசைக்கு அப்பால் இருந்த சிறுவன் அழுதான். அவன் தாயிடம் சென்று இச்செய்தியை முன்னரே சொல்லியிருக்கலாமே என்று வருந்தினேன்.

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. கடிகாரத்தைத் திருத்திக் கொண்டு வெளியே வந்தோம். இளைஞர் குழந்தையின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்து சென்றுவிட்டார்.

தடுப்புக் கம்பிக்கு அப்பால் மைத்துனர் நின்றிருந்தார். கையில் பெரிய கரடிப் பொம்மை ஒன்று. விலை மிகுந்ததாக இருக்க வேண்டும். ஓடி வந்து, "வா தங்கம்" என்று கைகளை நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்தாள். பிறகு தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக் கொண்டு வீரிட்டு அழுதாள். கரடியைக் காட்டினார், அழுகை மிகுந்தது. "வாப்பாம்மா, வாப்பா" என்று தங்கை சொல்ல, அவள் தங்கையின் கைப்பையிலிருந்த கைப்பேசியைச் சுட்டிக் காட்டினாள். அவள் வாப்பா அதனுள்ளேதான் இருந்தார். என் மைத்துனரின் முகத்தை அப்போது என்னால் ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. ஒன்றரை ஆண்டு உழைப்பும் காத்திருப்பும் அந்த ஒரு விரற்சுட்டில் சரிந்தது போல் நின்றார்.

என் சட்டைப் பையில் அந்தக் காகிதக் குவளைகள் நசுங்கிக் கிடந்தன. எடுத்து நிமிர்த்து அவர் கையில் கொடுத்தேன். "மச்சான், கரடிய வச்சிடுங்க. இதுக்குள்ள எதையாச்சும் ஒளிச்சு வச்சுத் தேடுங்க. அவளக் கூப்பிட வேணாம்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல், விமான நிலையத் தரையிலேயே அமர்ந்து, தம் கார்ச் சாவியைக் குவளைக்குள் வைத்துக் கவிழ்த்தார். "காணோமே!" என்றார். குரல் நடுங்கிற்று. அழுகை நின்றது. ஒரு கண் தோளுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மூன்றாம் முறை அவள் தோளிலிருந்து இறங்கினாள். நான்காம் முறை அவளே குவளையைத் தூக்கி, "இதோ!" என்றாள். அவர் அவளைத் தொடவில்லை. தேடிக் கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் அவள் அவர் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன்பக்கம் திருப்பினாள். நான் அப்புறம் திரும்பிக் கொண்டேன்.

ஊர் திரும்பியபின் என் மகளிடம் இவற்றையெல்லாம் கூறினேன். கல்லூரியில் படிக்கும் பெண். கதவிடுக்கில் காகிதம் தள்ளியதை அவளிடம் கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்லையே வாப்பா" என்று சிரித்தாள். எனக்கு நினைவிருக்கின்றது.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை கடல் கடப்பீர்கள். பலர் தாய் தந்தையர் ஆவீர்கள். பயணத்துக்கென விலை கொடுத்து எத்தனையோ விளையாட்டுப் பொருள்களை வாங்குவீர்கள், வாங்குங்கள், குற்றமில்லை. ஆயினும் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுது, சிரம் பணியும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் எடுத்துக் கொண்ட அண்ணலாரின் (ஸல்) நெறியை நினைவிற் கொள்ளுங்கள். இறைவன் முன் நின்ற வேளையிலும் குழந்தைக்கு இடம் இருந்தது. நம் படிப்புக்கும் பணிக்கும் நடுவே அதற்கு இடமில்லை என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் உண்டு? இப்பொழுது வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தும்போது பருவங்கள் பத்து என்று சொல்லி நிறுத்துவதில்லை. உங்கள் வீட்டில் சிறு குழந்தை இருந்தால், இன்று மாலை ஒரு காகிதக் குவளையோடு அதன் எதிரே அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு நாளை வாருங்கள். பாடலை அதன்பின் படிப்போம் என்கிறேன்.